வேட்டியில் குறையில்லை, விளக்கில்தான் குறை

வணக்கம். இணையத்தில் தற்செயலாகக் கண்ட அந்துப்பூச்சி பார்க்கும் பழக்கத்தைத் தொடங்கி, மதுரை திருநகர் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி எல்இடி விளக்கை எரியவிட்டும் சில ஈசல்களைத் தவிர ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அந்துப்பூச்சிகளைப் பெரிதும் ஈர்ப்பது புற ஊதாக் கதிர். வீட்டு எல்இடி விளக்கில் அது ஏறக்குறைய இல்லை. ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் கருவிகளில் இருப்பது போன்ற, 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் குழல் விளக்கை வாங்கித் துணிக்கு முன்னால் தொங்கவிடுங்கள். அதை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். தெருவிளக்கு படாத பக்கமாகத் துணியைத் திருப்புவதும், நிலவில்லாத, காற்றடங்கிய, புழுக்கமான இரவைத் தேர்ந்தெடுப்பதும் விளக்குக்கு அடுத்தபடியாக முக்கியமானவை. உலகெங்கும் 2012 முதல் ஜூலைக் கடைசியில் அந்துப்பூச்சி வாரம் கொண்டாடுகிறார்கள். நம் மதுரைக்கு அது வறண்ட, காற்று வீசும் காலம் என்பதால், ஐப்பசி மழைக்குப் பிந்தைய இரவுகளையே நான் பரிந்துரைப்பேன்.

விளக்கை நாடாத இனங்களுக்கு, கனிந்த வாழைப்பழத்தை வெல்லப்பாகில் பிசைந்து மரத்தண்டில் பூசலாம். வீட்டில் அரளியோ நந்தியாவட்டையோ இருந்தால் பகலிலேயே இலைகளைப் புரட்டிப் பாருங்கள்: பச்சைப் பளிங்கு போன்ற சிறகுடைய பெரிய அந்து ஒன்றின் புழுக்கள் அவற்றைத்தான் தின்று வளர்கின்றன.

தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கோ அழகர்மலைக் காட்டுக்கோ இரவில் செல்வதானால், முன்கூட்டியே வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். எங்கு பார்த்தாலும், விடியலுக்கு வெகுமுன்பே விளக்கை அணைத்துத் துணியை மெதுவாக உதறிவிடுங்கள். இல்லாவிடில் மைனாவும் கரிச்சானும் வந்து துணியில் அமர்ந்த அந்துகள் அத்தனையையும் கொத்திவிடும்.