பிளாக்ஹீத்தில் இறங்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

கண்டியில் பிறந்தவன், இப்போது தென்கிழக்கு லண்டனில் லூயிஷம்வாசி. போகம்பரை மைதானத்தில் கண்டி டிரினிட்டியும் கொழும்பு ராயலும் மோதும் பிராட்பி ஷீல்ட் பள்ளி ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தேன். எங்கள் வாயில் அது ரக்பி இல்லை, ரகர். உலகத்தின் பழைய ரக்பி கிளப் பிளாக்ஹீத் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். பக்கத்து ஊர்தானே என்று போன சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பிளாக்ஹீத் புல்வெளியில் பட்டம் விடுகிறவர்கள்தான் இருந்தார்கள். ஒருவர் ரெக்டரி ஃபீல்டுக்குப் போகச் சொன்னார். அங்கே ஆளே இல்லை. ஆட்டம் எல்தாமில் என்று தெரிந்து போய்ச் சேர்வதற்குள் பாதி முடிந்துவிட்டது. கூட்டம் சில நூறு பேர். எங்கள் பள்ளிக்கூட மேட்சுக்கே இதைப்போலப் பல மடங்கு வரும். இவ்வளவு பழைய கிளப்பை இப்படியா வைத்திருப்பார்கள்? பெயருக்கேற்ற ஊரிலாவது இருக்க வேண்டாமா?

ஆர்., லூயிஷம்

அன்புள்ள ஆர்.,

மகனிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். வழி சொல்லாமல் பெருமையை மட்டும் எழுதினால் இப்படித்தான் ஆகும். அந்தப் பெருமையிலும் ஒரு திருத்தம் இருக்கிறது. லண்டன் கைஸ் மருத்துவமனைக்காரர்கள் தங்கள் கிளப் 1843இல் தொடங்கியது என்பார்கள். டப்ளின் பல்கலைக்கழகத்தில் 1854. பிளாக்ஹீத் 1858தான். ஆனால் முதல் இரண்டிலும் சேர அங்கே மாணவராக இருக்க வேண்டும். பள்ளியோ கல்லூரியோ பின்னால் இல்லாமல் தனியே நிற்கும் கிளப்புகளில் பிளாக்ஹீத்துக்கு முன்னால் எதுவும் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கோபிக்காதீர்கள். புல்வெளி, ரெக்டரி ஃபீல்டு, எல்தாம் என்று நீங்கள் ஒரே மதியத்தில் அலைந்தீர்கள் அல்லவா? கிளப் நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக அலைந்ததும் அதே பாதைதான், அதே வரிசையில்தான். நடுவில் ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

அந்தப் புல்வெளி பொதுநிலம். வேலி போட முடியாது, டிக்கெட் விற்க முடியாது. ஆட்டம் சூடுபிடித்தால் கூட்டம் உள்ளே வந்துவிடும். அங்கே ஆடிக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்த கிளப் வரலாற்றில் இடம்பிடித்த சண்டையைப் போட்டது. கால்பந்தும் ரக்பியும் இன்னும் பிரியாத 1863இல் கால்பந்துச் சங்கம் தொடங்கியபோது பிளாக்ஹீத்தும் அதில் இருந்தது. எதிராளியை முழங்காலுக்குக் கீழே எலும்பில் உதைக்கலாமா கூடாதா என்பதில் தகராறு. கிளப்பின் பிரதிநிதி எஃப். எம். கேம்பல், உதைப்பதை எடுத்துவிட்டால் ஆட்டத்தில் துணிச்சலே போய்விடும், ஒரு வாரம் பழகிய பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிவந்து உங்களைத் தோற்கடித்துக் காட்டுவேன் என்றார். வாதத்தில் தோற்றுப்போனார், கிளப்பும் சங்கத்திலிருந்து வெளியேறியது. (2023 மார்ச்சில் இங்கிலாந்தின் சொந்த மைதானமான ட்விக்கனமில் பிரான்ஸ் 53-10 என்று இங்கிலாந்தை நொறுக்கியபோது எனக்குக் கேம்பல் ஞாபகம்தான் வந்தது.) வேடிக்கை என்னவென்றால், 1871 ஜனவரியில் பிளாக்ஹீத் உட்பட 21 கிளப்புகள் கூடி ரக்பி சங்கத்தை ஆரம்பித்தபோது, புதிய விதிகளில் அந்த உதையைத் தடைசெய்துவிட்டார்கள். எதற்காகக் கோபித்துக்கொண்டு போனார்களோ அதையே எட்டு வருடத்தில் விட்டுவிட்டார்கள். அதற்குள் இரண்டு ஆட்டங்களும் தனித்தனியாகிவிட்டன.

நீங்கள் தவறவிட்ட இடம் ரிச்சர்ட்சன்ஸ் ஃபீல்டு. 1881 பிப்ரவரியில் வேல்ஸ் அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது அங்கேதான். வேல்ஸில் இரண்டு பேர் வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்களில் இருவரைப் பிடித்து இறக்கினார்கள் என்று சொல்வார்கள். இங்கிலாந்து 13 ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டது, வேல்ஸுக்கு ஒன்றும் இல்லை. மறுமாதமே வேல்ஸ்காரர்கள் நீத் என்ற ஊரில் கூடி முறையாக ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

1883இல் ரெக்டரி ஃபீல்டு வந்தது. ட்விக்கனம் கட்டப்படுவதற்கு முன் இங்கிலாந்துக்குச் சொந்த மைதானம் கிடையாது; லண்டனில் ஆடுவதென்றால் அடிக்கடி நீங்கள் பார்த்த அந்தக் காலித் திடலுக்குத்தான் வருவார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் கல்கத்தா கோப்பை ஆட்டங்கள்கூட அங்கே நடந்திருக்கின்றன. கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்கார ரக்பி கிளப் 1878இல் கலைந்தபோது, கையிருப்பில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பை அது. கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு, மூடி மேல் ஒரு யானை. 1905இல் நியூசிலாந்து அணி அதே திடலுக்கு வந்து பிளாக்ஹீத்தை 32-0 என்று அடித்துவிட்டுப் போனது. 1910இல் ட்விக்கனத்தில் சர்வதேச ஆட்டங்கள் தொடங்கின. அப்புறம் ரெக்டரி ஃபீல்டு கிளப்பின் வீடாக மட்டும் இருந்தது.

நான் அங்கே 2014 டிசம்பரில் ஒரே ஒரு தடவை போனேன். கோட்டுக்கு இரண்டு எட்டு தள்ளி நின்றேன். தொலைக்காட்சியில் பார்த்தால் ஸ்க்ரம் என்பது எட்டுப் பேர் எட்டுப் பேரைத் தள்ளுவது, அவ்வளவுதான். அருகில் நின்றால்தான் நடுவர் “செட்” என்று சொன்னதும் வரும் சத்தம் காதில் விழும். நெல் மூட்டையை லாரியிலிருந்து தரையில் போட்டது போல ஒரு தொம். குளிரில் அந்தக் குவியலிலிருந்து ஆவி எழும்பியது. காதைச் சுற்றி டேப் ஒட்டிய ஒருவர் என் காலடியில் வந்து விழுந்து, “சாரி” என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினார். பக்கத்தில் ஒரு பெரியவர் எண்பது நிமிடமும் ஒரே சொல்லைத்தான் கத்தினார்: “கிளப்!” ஊர்ப் பெயரே சொல்லவில்லை. மற்ற ஊர்களுக்குப் பெயர் தேவை, எங்களுக்கு எதற்கு என்கிற தோரணை. முடிந்ததும் இரண்டு அணியும் மாறி மாறி வரிசை கட்டி, எதிரணி நடந்துபோகக் கைதட்டி அனுப்பின. 2016இல் முதல் அணி எல்தாம் வெல் ஹாலுக்குப் போய்விட்டது என்று கேட்டபோது எனக்கும் உங்களைப் போல வருத்தம்தான். ரெக்டரி ஃபீல்டே பிளாக்ஹீத்தும் சார்ல்டனும் உரசும் இடத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்தபின் ‘பெயருக்கேற்ற ஊர்’ வருத்தம் பாதி குறைந்தது. மிச்சம் இருக்கிறது.

கூட்டம் பற்றி. பிராட்பி என்றால் கண்டியே ஒரு பள்ளியின் பக்கம் நிற்கும், கொழும்பிலிருந்து ராயல்காரர்கள் படையெடுத்து வருவார்கள், தாத்தாவும் பேரனும் ஒரே நிறத்தில் டை கட்டுவார்கள். அந்தப் பாசம் இங்கே பள்ளி மேல் இல்லை. 1995இல் ரக்பியில் சம்பளம் அனுமதிக்கப்பட்டதும் பணமும் கூட்டமும் மேலே இருக்கும் சில அணிகளுக்குப் போய்விட்டன. பிளாக்ஹீத் பல வருடங்களாக ஆடிவருவது நேஷனல் லீக் ஒன், அதாவது மூன்றாம் அடுக்கு. ரிச்மண்ட், லண்டன் ஸ்காட்டிஷ் போன்ற பழைய கிளப்புகளும் இதே புயலில் அடிபட்டவைதான். ஆகவே சில நூறு பேர் என்பதை நான் குறைவாக நினைக்கவில்லை. மழையிலும் குளிரிலும் மூன்றாம் அடுக்கு ஆட்டத்துக்குச் சொந்தக் காசு கொடுத்து வந்து நிற்கிறார்களே.

சரி, மகனுக்கு ஆட்டம் பிடித்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. பிடித்திருந்தால் இந்தத் தடவை கிக்-ஆஃபுக்கு அரைமணி முன்னால் போங்கள். லூயிஷமில் ரயிலேறினால் அடுத்தது பிளாக்ஹீத் வரும், இறங்காதீர்கள். அப்புறம் கிட்புரூக். அதற்கடுத்தது எல்தாம்.