ஒரு மூலையில் மட்டும் கறுப்புக் களி: அதன் மேல் பூட்டிங் போடலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி இது. தரைத்தளமும் மேலே ஒரு மாடியுமாகச் சின்ன வீடு. பூட்டிங்குக்கு, அதாவது வீட்டின் சுமையை மண்ணில் இறக்கும் அடித்தளக் கான்கிரீட்டுக்கு, 5 அடி தோண்டியாயிற்று. மூன்று பக்கம் சரளை கலந்த செம்மண், ஒரு மூலையில் மட்டும் கறுப்பாகக் களி. "கடப்பாரையே இறங்க மாட்டேங்குது, இதைவிடக் கெட்டி மண் எங்கே கிடைக்கும்" என்கிறார் கான்ட்ராக்டர். தோண்டிய மண்ணையே திரும்ப ரொப்பிவிடலாம் என்றும் சொல்கிறார். நம்பலாமா?

முதல் விஷயத்தில் நம்பவே வேண்டாம். இரண்டாவதில் பாதி நம்பலாம்.

வெளியே குவிந்து கிடக்கும் மண்ணைப் பார்த்துத் தாங்குதிறனை முடிவு செய்யாதீர்கள். ஜேசிபி அள்ளிப் போட்டபோதே அதன் இறுக்கம் போய்விட்டது, எந்த ஆழத்தில் எது இருந்தது என்பதும் கலைந்துவிட்டது. அது என்ன வகை மண் என்று வேண்டுமானால் குவியல் சொல்லும், சுமை தாங்குமா என்பதைக் குழியின் அடி மட்டம்தான் சொல்லும். அதிலும் பக்கெட்டின் பல் பட்டு மேலே கொஞ்சம் கிளறியிருக்கும், அதை மண்வெட்டியால் சுரண்டி எடுத்துவிட்டுப் பாருங்கள். களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தினால் சுலபமாக உள்ளே போனால் மென்மையான மண், அதன் மேல் ஒன்றும் வைக்காதீர்கள். பலங்கொண்டு அழுத்தினால்தான் பள்ளம் விழுகிறது என்றால் கெட்டி. நகம் மட்டுமே பதிகிறது என்றால் மிகவும் கெட்டி. மணலிலும் சரளையிலும் விரல் சோதனை பலிக்காது. 12 மி.மீ. கம்பியைக் கையாலேயே சுலபமாக இறக்க முடிந்தால் அது தளர்ந்த மண், சுத்தியலால் அடித்து இறக்க வேண்டியிருந்தால் பரவாயில்லை.

இப்போது உங்கள் கறுப்பு மூலை. காய்ந்த களிமண் கல் மாதிரிதான் இருக்கும், கடப்பாரை தெறிக்கும், விரல் சோதனையிலும் முதல் மார்க் வாங்கும். சிக்கலே அதுதான். சில களிமண்கள் ஈரம் குடித்தால் உப்பி மேலே தூக்கும், காய்ந்தால் சுருங்கிக் கீழே விடும். மண் 'தாங்குமா' என்ற கேள்வியே இங்கே பாதிதான், அது அசையாமல் இருக்குமா என்பது மீதிப் பாதி. பெரிய கட்டடத்துக்காவது அதை அமுக்கி வைக்க எடை இருக்கும், சின்ன வீட்டுக்கு அந்த எடையும் கிடையாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும், ஒரு பருவத்தில் மூட வராமல் அடுத்த பருவத்தில் தானாகச் சரியாகிவிடும் கதவும் பெரும்பாலும் இதனால்தான். நிறத்தை மட்டும் வைத்தும் சொல்ல முடியாது, உப்புகிற களி பழுப்பாகவும் இருக்கும். கறுப்பாக இருந்து மக்கிய வாடையும் அடித்தால் அது வேறு கதை, உப்பினாலும் உப்பாவிட்டாலும் தோண்டி எறிய வேண்டிய மண்.

களி ஈரத்தில் உப்பக்கூடியதா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். மண்ணை நன்றாகக் காயவைத்துப் பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்து, அளவுக்கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்களில் சம அளவு போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீரில் படிந்த மண், மண்ணெண்ணெயில் படிந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உயரத்தில் நின்றாலே வேலையை நிறுத்துங்கள். பாதிக்கு மேல் என்றால் யார் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உப்பவே இல்லை என்று வந்தாலும் ஒரே வீடு இரண்டு விதமான மண்ணில் உட்காருவது நல்லதல்ல. மொத்த வீடும் கொஞ்சம் இறங்கினால் யாருக்கும் தெரியாது, ஒரு மூலை மட்டும் இறங்கினால்தான் சுவர் கிழியும். அந்த மூலையில் களியை எடுத்துவிட்டு, மற்ற பக்கங்களில் இருக்கும் அதே சரளை மண் வரும்வரை போங்கள், கூடுதல் ஆழத்தை மெலிந்த (சிமென்ட் குறைவாகச் சேர்த்த) கான்கிரீட்டால் நிரப்புங்கள். தோண்டிய மண்ணைத் திரும்பக் கொட்டி அதன் மேல் பூட்டிங் வைப்பது கூடவே கூடாது. சரளை தட்டுப்படவே இல்லை என்றால் எஞ்சினியர் புதிதாக டிசைன் செய்ய வேண்டும், மேஸ்திரி ஊகிக்கிற விஷயமில்லை.

"அதான் சாயில் ரிப்போர்ட் இருக்கே" என்பீர்கள். இருக்கும். மனைக்கே வராமல் ரிப்போர்ட் தருகிற புரோக்கர்கள் உண்டு, பழைய ரிப்போர்ட்டில் பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றினால் வேலை முடிந்தது. அனுமதி தரும் இடத்திலும் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர, எத்தனை பேர் குழியை எட்டிப் பார்க்கிறார்கள்? காகிதம் சரியாக இருந்தால் மண்ணும் சரி என்றாகிவிட்டது. உங்கள் ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். மனையில் துளை போட்டு, அதன் அடியில் ஒரு குழாயை மண்ணுக்குள் இறக்க 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு அடித்த அடிகளின் எண்ணிக்கை ஒவ்வொரு ஆழத்துக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும், நிலத்தடி நீர் எந்த ஆழத்தில், எந்தத் தேதியில் என்றும் இருக்க வேண்டும். இரண்டு துளைகளில் எண்கள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், மண் அப்படி ஒத்துப்போகாது, புரோக்கர்தான் ஒத்துப்போவார். துளை எவ்வளவு ஆழம் என்றும் கவனியுங்கள். பூட்டிங்கின் சுமை அதன் அகலத்தைப் போலச் சுமார் இரண்டு மடங்கு ஆழம்வரை உணரப்படும், 5 அடி அகலம் என்றால் அடி மட்டத்துக்குக் கீழே இன்னும் 10 அடி. மேலே மட்டும் சுரண்டிப் பார்த்த ரிப்போர்ட்டால் பயனில்லை.

சரி, ரொப்புகிற விஷயம். பூட்டிங் போட்ட பிறகு சுற்றியும், தரைக்கு அடியிலும் அந்தச் செம்மண் சரளையையே போடலாம். 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு, பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரத்தில், ஒவ்வொரு அடுக்கையும் இடித்த பிறகே அடுத்தது. கறுப்புக் களி, வேர், மேல்மண், இடிபாட்டுக் குப்பை எதுவும் கலக்கக் கூடாது. ஓரிரவு தண்ணீர் கட்டினால் தானாக இறுகிவிடும் என்பார்கள், சுத்தமான மணலில் ஓரளவு நடக்கும், களி கலந்த மண்ணில் நடக்காது. நல்ல சரளையை "இடம் அடைக்குது" என்று லாரியில் ஏற்றி விற்றுவிட்டு, பதிலுக்கு இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டுவதும் நடக்கிறது, எனவே சரளை முழுதும் மனையிலேயே இருக்கட்டும்.

கடைசிக் குழி வெட்டியதும் அன்றே, முடியாவிட்டால் மறுநாள், பி.சி.சி. (பூட்டிங்குக்கு அடியில் வரும் கம்பியில்லாத கான்கிரீட்) போட்டு மூடிவிடுங்கள். நடுவில் மழை வந்து தண்ணீர் தேங்கினால் இறைத்துவிட்டு, சேறான மண்ணை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு குழியின் அடியிலும் டேப்பை நிறுத்தி, ஆழம் தெரிகிற மாதிரி தேதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு விரிசல் வந்து யார் பொறுப்பு என்று பேச்சு வரும்போது காட்ட உங்கள் கையில் அது ஒன்றுதான் இருக்கும்.