ஊசி போட்ட ஆடும் ஏன் செருமுகிறது?

கேள்வி: சந்தையில் 12 வெள்ளாடுகள் வாங்கி வந்தேன். தொண்டை அடைப்பான் ஊசி போட்டும் பத்தாம் நாளே மூன்று ஆடுகளுக்குச் சளி, செருமல், மூச்சிரைப்பு. ஒன்று செத்துப்போனது. அறுத்துப் பார்த்ததில் நுரையீரலில் மான்ஹீமியா கிருமி என்றார்கள். இந்த வகைக் கிருமிகள் தம் மரபணுக்களைத் தாமே சுவிட்ச் போல அணைத்துப் போட்டுக்கொள்ளும் என்று படித்தேன். அப்படியானால் தடுப்பூசியே வீண்தானா?

பதில்: வீண் இல்லை. ஆனால் நீங்கள் போட்ட ஊசி வேறு கிருமிக்கானது. தொண்டை அடைப்பான் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற கிருமியின் வேலை. மான்ஹீமியா அதன் பங்காளி. 1999 வரை அதையும் பாஸ்டுரெல்லா என்றுதான் அழைத்தார்கள். பங்காளிக்குப் போட்ட ஊசி இதைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. அதனால் உங்கள் பட்டியில் நடந்ததற்கு மரபணுவைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் படித்தது பொய்யும் இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த, மனிதர்களைத் தாக்கும் ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயன்சா கிருமியில் 2005-ல் இதைக் கண்டார்கள். பன்றிகளின் நுரையீரலைத் தாக்கும் ஆக்டினோபேசில்லஸிலும் பிறகு பார்த்தார்கள். எப்படி நடக்கிறது? 'சலசலசலசலசல' என்று ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினால் ஒரு 'சல' கூடும், அல்லது விட்டுப்போகும். கிருமியின் ஒரு மரபணுவுக்குள்ளும் இப்படி ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. கிருமி இரண்டாகப் பிரியும்போது நகலெடுப்பில் துணுக்குகளின் எண்ணிக்கை மாறிவிடும். மரபணுவை மும்மூன்று எழுத்தாகப் படிப்பதால், கணக்கு பிசகினால் அந்த மரபணு வேலை செய்யாது. கணக்கு சரியானால் மறுபடி வேலை செய்யும்.

அந்த மரபணுவின் வேலைதான் சுவாரஸ்யம். அது உருவாக்கும் நொதி, டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் என்ற சிறு குறியை வைக்கிறது. 'க' மேல் புள்ளி வைத்தால் 'க்' ஆகிறதே, அது மாதிரி. எழுத்து அதேதான், வாசிப்பு வேறு. ஒரே சுவிட்சில் பல மரபணுக்களின் வேலை ஒரேயடியாகக் கூடவோ குறையவோ செய்கிறது. கிருமியின் மேற்பரப்புப் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களும் அவற்றில் உண்டு. இது திட்டமிட்டு நடப்பதல்ல, தற்செயல். அதனால் ஒரே ஆட்டின் மூக்கிலேயே இரு நிலைக் கிருமிகளும் கலந்து இருக்கலாம். தடுப்பூசி தயாரிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. அணைந்துபோகிற புரதத்தை நம்பி ஊசி செய்தால் கிருமி நழுவிவிடும். எந்த நிலையிலும் மாறாமல் இருக்கும் புரதத்தைத் தேட வேண்டும். அது ஆய்வகத்தின் பாடு, உங்களுடையது அல்ல.

உங்கள் பாடு வேறு. மான்ஹீமியா நல்ல ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும். சந்தை நெரிசல், லாரிப் பயணம், பட்டினி, மழையில் நனைதல் என ஆடு தளர்ந்தால்தான் நுரையீரலுக்கு இறங்கும். ஆட்டுக்கொல்லி நோய் முன்னால் வந்து வழிவிட்டாலும் இறங்கும். அந்த நோய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று முதலில் பாருங்கள். புது ஆடுகளை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். கொட்டகையில் குனிந்து ஆட்டின் மூக்கு உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். மூத்திர நெடியில் உங்களுக்குக் கண் எரிந்தால் அதற்கும் எரியும்.

தினமும் காலையில் புது ஆடுகளுக்கு வெப்பமானி வையுங்கள். 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, தீவனத்திலும் முகம் திருப்பினால் அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். செருமல் வரட்டும் என்று காத்திருந்தால் பாதி நுரையீரல் போயிருக்கும்.

அப்புறம், மூக்குச் சளியை மட்டும் சோதனைக்கு அனுப்பிப் பெரிய பயனில்லை. நல்ல ஆட்டிலும் அதே கிருமிதானே வரும்? இன்னொன்று செத்தால், நுரையீரலில் கல்லாகக் கெட்டிப்பட்ட பகுதியும் நல்ல பகுதியும் சேரும் ஓரத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து, ஐஸ் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஆண்டிபயாட்டிக் கேட்கும் என்பதையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.