மைனஸ் ஐந்தும் விகிதமுறு எண்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் இங்கே எட்டாம் வகுப்புப் படிக்கிறான். வகுப்புத் தேர்வில் '−5 விகிதமுறு எண்ணா?' என்று கேட்டிருந்தார்கள். 'இல்லை, அது முழு' என்று எழுதி மார்க்கை விட்டுவிட்டான். "பின்னமும் விகிதமுறு எண்ணும் ஒன்றுதானேம்மா, −5 பின்னம் இல்லையே" என்கிறான். அப்படியானால் 6/3 என்ன, பின்னமா முழுவா என்று அடுத்த கேள்வி. எனக்கும் குழம்பிவிட்டது. விளக்குவீர்களா?

– ஒரு வாசகி, மயூர் விஹார், தில்லி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகனைக் குறை சொல்ல மாட்டேன். கீழ் வகுப்புகளில் பின்னம் என்றால் ஒரு பொருளின் பங்கு. ரொட்டியை நாலாக்கி மூன்று துண்டு எடுத்தால் 3/4. அந்தப் படத்தில் மைனஸுக்கு இடமே கிடையாது. பின்னம் என்றாலே ஒன்றைவிடச் சின்னது என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. எட்டாம் வகுப்பிலும் அதையே மனத்தில் வைத்திருந்தால் −5ஐ எங்கே சேர்ப்பது என்று தெரியாதுதான்.

பின்னம் என்பது எழுதும் வடிவம். விகிதமுறு எண் என்பது அந்த எண்ணைப் பற்றிய செய்தி. காய்கறிக்காரரிடம் ஒரு பாவ் பட்டாணி வாங்குகிறீர்கள். அதை 1/4 கிலோ என்று எழுதலாம்; 2/8, 250/1000, 0.25 என்றும் எழுதலாம். எப்படி எழுதினாலும் எண்கோட்டில் ஒரே புள்ளிதான்.

சோதனை இதுதான்: மேலே ஒரு முழு (அதாவது 0, 1, 2, −1, −2 போன்ற எண்), கீழே பூச்சியம் அல்லாத ஒரு முழு என்று ஏதாவது ஒரு விதத்தில் எழுத முடிந்தால் அது விகிதமுறு எண். ஏற்கெனவே அப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. −5ஐ −5/1 என்றோ −10/2 என்றோ எழுதலாம். ஆகவே அது முழுவும்தான், விகிதமுறு எண்ணும்தான். எல்லா முழுக்களுக்கும் இதே கதை. 6/3 பின்ன வடிவத்தில் இருக்கிற முழு. அதன் மதிப்பு 2. √2/2க்கும் நடுவில் கோடு இருக்கிறது. ஆனால் அதை எப்படி மாற்றி எழுதினாலும் மேலும் கீழும் முழுக்களாக வராது, எனவே விகிதமுறு எண் அல்ல.

இந்தப் புது எண்கள் எதற்கு வந்தன என்பதை வரையறைக்கு முன்பே சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி. முழுக்களைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் விடை முழுக்களுக்குள்ளேயே நிற்கும். வகுத்தால் நிற்காது: 6÷3 உள்ளே, 7÷2 வெளியே. அந்த விடைகளுக்கும் இடம் கொடுத்தால் கிடைப்பதே விகிதமுறு எண்கள். பூச்சியத்தால் வகுப்பது மட்டும் அங்கேயும் கூடாது. பூச்சியத்தோடு எதைப் பெருக்கினாலும் 5 வராது, அதனால் 5/0க்கு விடையே இல்லை. 0/0க்கு எந்த எண்ணைச் சொன்னாலும் பொருந்தும், அதனால் ஒரு விடை என்று இல்லை. 0/5 சரிதான், அது 0.

பிள்ளைகள் அதிகம் சறுக்குவது மைனஸ் வரும் இடங்களில். −7/2 என்பது −3½. அதாவது மூன்றரை முழுவதற்கும் மைனஸ். பலர் −3க்குப் போய் அங்கிருந்து வலப்பக்கம் அரை நகர்ந்து −2½இல் புள்ளி வைப்பார்கள். −3இலிருந்து இன்னும் இடப்பக்கம் போக வேண்டும்.

குறுக்குப் பெருக்கலிலும் கவனம் தேவை. −2/3, 3/−4 இரண்டில் எது பெரியது? அப்படியே பெருக்கினால் (−2)×(−4) = 8, 3×3 = 9; எனவே 3/−4 பெரியது என்று தோன்றும். தப்பு. பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே, ஒன்றில் மட்டும் மைனஸ் இருந்தால் ஒப்பீடு தலைகீழாகிவிடும். முதலில் மைனஸை மேலே, தொகுதிக்கு ஏற்றி −3/4 ஆக்குங்கள். பகுதிகளை 12 ஆக்கினால் −8/12, −9/12. −2/3தான் பெரியது.

தசமத்தில் எழுதினால் விகிதமுறு எண் ஒன்று முடிந்துவிடும், அல்லது சுழலும். 1/7ஐ வகுக்கும்போது மீதி 1 முதல் 6 வரைதான் வர முடியும். ஆகவே ஏழாவது முறைக்குள் ஏதோ ஒரு மீதி திரும்ப வந்தே தீரும், அங்கிருந்து இலக்கங்களும் திரும்பும்: 0.142857142857… சுருக்கிய பிறகு பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லையென்றால் தசமம் முடியும். சுருக்காமல் பார்த்தால் ஏமாறுவோம்: 6/15இன் பகுதியில் 3 இருக்கிறது, ஆனால் அது 2/5, அதாவது 0.4.

22/7 விகிதமுறு எண், π அல்ல. கணித அறிஞர் லம்பெர்ட் 1760களிலேயே அதை நிறுவிவிட்டார். 22/7 கணக்குப் போட உதவும் தோராயம் மட்டுமே.

மகனிடம் இவற்றைக் கொடுத்துப் பாருங்கள்: −5, 0, √9, π/4, 22/7, 0.272727… கடைசி எண்ணை x என்று வைத்தால் 100x − x = 27; ஆக x = 27/99, சுருக்கினால் 3/11. √9 என்பது 3. பட்டியலில் π/4 மட்டும்தான் தேறாது.