ஒரு பிடி மண்

அன்புள்ள அக்கா,

பெரம்பூரில் இருக்கிறேன். கைக்குழந்தையிலேயே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். இப்போது போகிற பெந்தெகொஸ்தே சபையில், தெளித்தது செல்லாது, தொட்டியில் முழுக்கு எடுக்க வேண்டும் என்கிறார்கள். அம்மா அழுகிறார். அவருக்கு வேதம் தெரியாது, பாரம்பரியம்தான் தெரியும். தண்ணீருக்கு ஆவிக்குரிய அர்த்தம் என்ன? பரிசுத்த ஆவி வருவது அதற்கு முன்பா, பின்பா? நான் மறுபடி எடுக்கலாமா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

ஆவி முன்பா பின்பா என்பதை விடுங்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் சமாரியர்களுக்கு ஞானஸ்நானத்துக்குப் பின்னால் வருகிறது, ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டில் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. எழுதிய லூக்காவே அதற்காக அலட்டிக்கொள்ளவில்லை.

தண்ணீர் விஷயம் கொஞ்ச நாளாகவே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞானஸ்நானம் என்றால் எல்லோரும் குளியலைத்தான் நினைக்கிறார்கள். பாவ அழுக்கு போகிறது என்கிறார்கள். சரி, அதுவும் வேதத்தில் உண்டு. ஆனால் அங்கே தண்ணீர் முதலில் ஆளைக் கொல்கிறது. நோவா காலத்தில் பூமியை மூடியது, செங்கடலில் பார்வோனின் சேனையை மூடியது. பேதுரு தன் முதல் நிருபத்தில் ஞானஸ்நானத்துக்கு ஒப்பாக எடுப்பது நோவா காலத்து வெள்ளத்தைத்தான். மாம்ச அழுக்கை நீக்குவது அல்ல என்று கையோடு சொல்லியும்விடுகிறார். பவுல் ரோமர் 6-இல் சுற்றி வளைக்கவே இல்லை. கிறிஸ்துவின் மரணத்துக்குள்ளாக நாம் அவரோடு அடக்கம்பண்ணப்பட்டோம் என்கிறார்.

2015 டிசம்பரில் ஜாபர்கான்பேட்டையில் என் சித்தி வீட்டுக்குள் ராத்திரியோடு ராத்திரியாக அடையாறு புகுந்தது. மாடியிலிருந்துதான் அவரைப் படகில் இறக்கினார்கள். சித்தி கோயில் பக்கம் அதிகம் போகாதவர். வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டோடு இருந்த பல வருஷச் சண்டையை விட்டுவிட்டார். கேட்டால், "சண்டை போட்டவ தண்ணியோட போயிட்டாடி" என்றார். ரோமர் 6 எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருகிறேன். அடக்கம் என்று பார்த்தால் முழுக்குதான் பொருத்தமான அடையாளம். உங்கள் பாஸ்டர் சொல்வதில் அந்தமட்டுக்கு நியாயம் உண்டு. ஆனால் கீழ்ப்பாக்கம் கல்லறையில் நாம் ஆளுக்கு ஒரு பிடி மண்தானே போடுகிறோம்? என் கையால் குழியை மூடவில்லை, அதனால் அடக்கம் நடக்கவில்லை என்று வீட்டுக்கு வந்து யாராவது சொல்வார்களா? ஆதிச்சபையின் சிறு கையேடான டிடாகே, ஓடும் நீரில் கொடு என்கிறது. அது இல்லாவிட்டால் வேறு நீர், குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீர், எதுவுமே போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று. அவ்வளவுதான். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு லிட்டர் கணக்கில் இரட்சிப்பை அளக்கிறீர்களே!

அப்புறம், "அம்மாவுக்கு வேதம் தெரியாது". எதிரில் இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன். பெற்ற பிள்ளையை, சாவுக்கு அடையாளமான தண்ணீருக்கு நேராக நீட்டியவர் அவர். அன்றைக்கு ஆயர் கேட்ட கேள்விக்கெல்லாம் உங்களுக்காக அவர்தான் பதில் சொன்னார், உங்களுக்கு அப்போது பேச்சே வரவில்லை. பைபிள் ஆப்பில் தேடியெடுத்த நாலு வசனத்தோடு அவரிடம் வாதாடப் போகாதீர்கள்.

மறுபடி எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? அவசரமில்லை தம்பி. அன்றைக்கு ஆயர் என்ன கேட்டார், அம்மா என்ன சொன்னார் என்று முதலில் அம்மாவிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.