ட்ரோன் கற்கும் மாணவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

ட்ரோன் இயக்கும் பயிற்சி, வான்வழிப் புகைப்படம் ஆகியவை குறித்து மாணவர்களும் பெற்றோர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இவ்விதழில் விடையளிக்கிறோம்.

என் மகன் பிளஸ் டூ எழுதியிருக்கிறான், வயது பதினேழு. ‘ஒரே வாரத்தில் ட்ரோன் பைலட், வேலை உறுதி’ என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டச் சொல்கிறான். கட்டலாமா? வானூர்திப் பொறியியல் படித்தால்தான் இத்துறையில் முன்னேற முடியுமா?
— ஒரு தாய், தேனி

இப்போது கட்ட வேண்டாம் அம்மா. 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின்படி, தொலைவிலிருந்து இயக்கும் விமானிக்கான சான்றிதழைப் பெறப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வரம்பு அறுபத்தைந்து. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனத்தில் பெற்ற பயிற்சியும் போதும். அறிவியல் பாடப்பிரிவு கட்டாயமில்லை. 2023-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டும் கட்டாயமில்லை. சான்றிதழ் பத்து ஆண்டுகள் செல்லும்.

வயது நிறைந்தபின், விளம்பரத்தை நம்பாமல், இயக்குநரகம் வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்த எடைப் பிரிவு ட்ரோனுக்குப் பயிற்சி தர அனுமதி பெற்றிருக்கிறார்கள் என்பதை அடுத்துக் கேளுங்கள். 250 கிராம் வரை நானோ, அதற்குமேல் 2 கிலோ வரை மைக்ரோ, அதற்குமேல் 25 கிலோ வரை சிறிய வகை என்று பிரித்திருக்கிறார்கள். இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ஒரு குழுவில் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் ரிமோட் எவ்வளவு நேரம் கையில் கிடைக்கும்? பயிற்சி நடக்கும் மைதானத்துக்கு ஒரு காலைப்பொழுது நேரில் சென்று பாருங்கள். மாணவர்கள் பெரும்பாலும் வரிசையில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்றால் அங்கே சேர்க்காதீர்கள். சான்றிதழ் என்பது சட்டப்படி பறக்கவிடுவதற்கான தகுதி மட்டுமே. வேலை தருபவர் கையின் பழக்கத்தையும் எடுத்த படத்தையும் பார்த்துத்தான் தருவார்.

காத்திருக்கும் மாதங்கள் வீணாக வேண்டியதில்லை. கணினியில் இயங்கும் சிமுலேட்டரில், உண்மையான ரிமோட்டை இணைத்து, அவர் தினமும் பழகலாம். நானோ வகை ட்ரோனுக்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்ற கட்டுப்பாடு அதற்கும் உண்டு.

ட்ரோனை இயக்க வானூர்திப் பொறியியல் தேவையில்லை. வடிவமைக்க விரும்பினால் பெரிதும் உதவும். குரோம்பேட்டையில் உள்ள, அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தின் ‘தக்‌ஷா’ மாணவர் குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. தமிழக அரசின் ஆளில்லா வான்வழி வாகனக் கழகமும் அந்த வளாகத்தில்தான் இயங்குகிறது, பயிற்சியும் தருகிறது. வாய்ப்புக் கிடைத்தால் மகனை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். ட்ரோனின் வால்பகுதி என்னை நோக்கி இருக்கும்வரை நன்றாகவே ஓட்டுகிறேன். முகம் என் பக்கம் திரும்பியவுடன் இடம் வலம் மாறிப்போய்ப் பதறிவிடுகிறேன். ஜி.பி.எஸ். இருக்கும்போது ஸ்டிக்கை விட்டுவிட்டால் அதுவே நின்றுவிடுகிறதே, பிறகு ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

ஜி.பி.எஸ். எப்போதும் துணைக்கு வரும் என்று எண்ணுவதிலிருந்துதான் ஆபத்து தொடங்குகிறது. பாலத்தின் அடியிலும், மண்டபத்தின் உள்ளேயும், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் செயற்கைக்கோள் சமிக்ஞை நலிந்துவிடும். மொட்டைமாடியிலிருந்து கிளப்புகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் ட்ரோனின் திசைகாட்டியைத் தடுமாறச் செய்யும். அப்போது ட்ரோன், தான் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தவறாக எண்ணிக்கொண்டு, நின்ற இடத்தில் நிற்க முயன்றே வட்டமடித்து, ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் ஸ்டிக்கை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் எதிர்வீட்டுச் சுவரில்தான் போய் மோதும். ஜி.பி.எஸ். உதவியை அணைத்துவிட்டு, கையால் நிறுத்தத் தெரிந்தவரே அதைப் பத்திரமாக இறக்குவார். என் கருத்தில், இந்தப் பழக்கம் வராத எவரையும் ஆட்கள் இருக்கும் இடத்தில் பறக்கவிட அனுமதிக்கக் கூடாது.

முகம் திரும்பியபோது வரும் குழப்பத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ட்ரோன் உங்களைப் பார்த்தபடி மிதக்கும்போது, அது உங்கள் வலப்பக்கம் நகர்ந்தால் வலது கை ஸ்டிக்கையும் வலப்பக்கமே தள்ளுங்கள். இடப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கம் தள்ளுங்கள். சரிகிற பக்கத்துக்கு முட்டுக்கொடுப்பதுபோல நினைத்துக்கொண்டால் கணக்குப் போட வேண்டியிருக்காது. ஒரே நாளில் நேரடியாக முகம் பார்க்க வைக்காதீர்கள். வால் உங்களை நோக்கி இருக்க ஓரிடத்தில் நிறுத்தி வையுங்கள். பிறகு இடப்பக்கவாட்டில், பிறகு வலப்பக்கவாட்டில், கடைசியாக முகத்தை உங்கள் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். நான்கிலும் ட்ரோன் அலையாமல் நின்றபின் சதுரம், வட்டம், அதன்பின் எட்டு வடிவம் என்று போகலாம். கண் ட்ரோனிலேயே இருக்க வேண்டும், திரையில் அன்று. நம் விதிகளும் ட்ரோன் இயக்குபவரின் பார்வைக்குள் இருப்பதையே கேட்கின்றன.

இறக்கும்போது ஒரு எச்சரிக்கை. நேர் கீழாக வேகமாக இறக்கினால், ட்ரோன் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே தான் விழுந்து, குலுங்கி, தாங்குதிறனை இழக்கும். அப்போது மேலே ஏற்ற வேகத்தைக் கூட்டுவதால் பயனில்லை. பக்கவாட்டிலோ முன்னோக்கியோ நகர்த்தி, கலங்காத காற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். சற்றே சாய்வாக, மெதுவாக இறக்குவதைத் தொடக்கத்திலிருந்தே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பும் வசதியின் உயரத்தையும், சுற்றிலும் உள்ள தென்னை, செல்போன் கோபுரம் ஆகியவற்றில் எது உயரமோ அதற்கும் மேலாக, ஒவ்வொரு இடத்திலும் புதிதாக அமைக்க வேண்டும்.

ஸ்டூடியோவில் உதவியாளராக இருந்துகொண்டே ட்ரோன் கற்கிறேன். கல்யாண வீடுகளில் படம் எடுக்கச் சான்றிதழ் வேண்டுமா? கோயில் கோபுரத்தை மேலிருந்து எடுத்துத் தரும்படி கேட்கிறார்கள்.
— கும்பகோணம்

ட்ரோனின் எடை 250 கிராமுக்குள் இருந்தால் சான்றிதழ் கேட்கப்படாது. அதைத் தாண்டி மைக்ரோ வகையானால், சொந்த விருப்பத்துக்குப் பறக்கவிடுவதற்கு மட்டுமே விலக்கு. கல்யாணத்துக்குக் கூலி வாங்கி எடுப்பது வணிகப் பயன்பாடு என்பதால் சான்றிதழ் கட்டாயம். ட்ரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண்ணும், மூன்றாம் தரப்புக் காப்பீடும் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டில் முழுமையாகத் தயாரான ட்ரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்துவிட்டது. ஆகவே ரசீது இல்லாமல் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உதவியாளரான உங்களிடம் ரிமோட் இருக்கும்போது, முதலாளி சொன்னார் என்ற பதில் உதவாது.

இடத்தைப் பொறுத்தவரை, மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்வெளி பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் 120 மீட்டர் உயரம் வரையும், இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 60 மீட்டர் வரையும் முன்னனுமதி இன்றிப் பறக்கலாம். உங்கள் பக்கத்தில் தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. தஞ்சைக்குக் கல்யாண வேலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். முக்கியப் பிரமுகர் வருகை போன்ற காரணங்களுக்காக ஓரிடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்புப் பகுதியாக, அதாவது அனுமதியின்றிப் பறக்கக் கூடாத இடமாக அறிவிக்க மாநில அரசுக்கும் அதிகாரம் உண்டு. முந்தின வாரம் பச்சையாக இருந்தது என்று நம்பிப் போகக் கூடாது.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் போன்றவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ட்ரோனை எடுக்கவே கூடாது. மற்றக் கோயில்களில் நிர்வாகத்திடமும் காவல் நிலையத்திலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சட்டத்துக்கு அப்பாலும் இதைச் சொல்கிறேன்: ஆயிரம் ஆண்டாக நிற்கும் சுதைச் சிற்பமோ கற்சிற்பமோ விசிறி பட்டு உடைந்தால் அதை யாராலும் ஈடுசெய்ய முடியாது. மண்டபத்தில் கூடியிருப்பவர்களின் தலைக்கு நேர்மேலாகவும் பறக்கவிடாதீர்கள். மணமக்கள் வரும் பாதைக்குப் பக்கவாட்டில், ஆளில்லாத இடத்தின் மேலிருந்து எடுத்தாலே ஊர்வலம் அழகாக விழும்.

காட்சித் தொடர்பியல் மாணவி நான். உப்பளங்களை ட்ரோனில் எடுத்தேன். உயரத்திலிருந்து எடுத்தும் படங்கள் தட்டையாக, வரைபடம்போல் இருக்கின்றன. வீடியோவும் விட்டுவிட்டுத் துள்ளுகிறது.
— தூத்துக்குடி

உயரமே உங்கள் படத்தைத் தட்டையாக்கியிருக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் அனுமதிக்கப்பட்ட 120 மீட்டரையும் எட்டிவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் உப்புக் குவியலும் வரப்பும் ஒரே மட்டத்தில் தெரியும். பத்து முதல் முப்பது மீட்டருக்குள் நின்று பாருங்கள்: பாத்தியில் உப்பை வாரும் பெண்ணின் பலகை, அது விட்டுச்செல்லும் கோடு, குவியலின் சரிவு எல்லாம் துலங்கும்.

அடுத்தது வெளிச்சம். மேலிருந்து எடுக்கும் படத்தில் ஒரு பொருளின் உயரத்தைச் சொல்வது அதன் நிழல்தான். உச்சிவெயிலில் நிழல் பொருளுக்கடியிலேயே சுருங்கிவிடும். சூரியன் கிளம்பிய முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு முழ உயரக் குவியலும் நீண்ட நிழலை விரிக்கும். அந்த நேரத்தில் கேமராவை நேர் கீழாகத் திருப்பினால் பாத்திகளின் கட்டமைப்பும், நீரின் செறிவுக்கேற்ப மாறும் நிறங்களும் ஒன்றாக வரும். நேர்கீழ்ப் பார்வையும் அடிவானம் தெரியும் சாய்வுப் பார்வையும் வெவ்வேறு வேலைக்கானவை. நடுவில் எங்கோ கேமராவை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் அதே கோணத்தில் எடுக்காதீர்கள். பறக்கவிடுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு சுற்று நடந்து, எந்தப் படம் வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டுக் கிளப்புங்கள். பேட்டரி தரும் சில பத்து நிமிடங்கள் மேலே போய் யோசிப்பதற்குப் போதாது.

வீடியோ துள்ளுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம். நொடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்) எடுத்தால் ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்காக இருக்க வேண்டும். நல்ல வெயிலில் அப்படி வைத்தால் படம் வெளுத்துப்போகும் என்பதால், தானியங்கி அமைப்பு ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோய்விடுகிறது. ஒவ்வொரு சட்டமும் கூர்மையாகி, அசைவு வெட்டிவெட்டித் தெரிகிறது. லென்ஸின் முன் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரைப் பொருத்தினால் இது தீரும். ஒரு ஷாட்டில் ஒரு அசைவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னே போகும்போதே திருப்பவும் சாய்க்கவும் வேண்டாம்.

உப்பளத் தொழிலாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகு எடுங்கள். தலைக்குமேல் இரைச்சலோடு வந்து நிற்கும் கேமரா யாருக்கும் இயல்பானதன்று.

கட்டடப் பொறியியல் படிக்கிறேன். நில அளவைக்கு ட்ரோன் படங்கள் எப்படி உதவுகின்றன? எத்தனை மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும்?
— சேலம்

உயரத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். ஒரு பிக்சல் தரையில் எத்தனை சென்டிமீட்டரைக் காட்ட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சென்சாரின் அகலத்தை உயரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத்தூரத்தையும் படத்தின் அகலப் பிக்சல் எண்ணிக்கையையும் பெருக்கி வருவதால் வகுத்தால் அந்த அளவு கிடைக்கும். சென்சார் 13.2 மில்லிமீட்டர், குவியத்தூரம் 8.8 மில்லிமீட்டர், படம் 5472 பிக்சல் அகலம் என்றால், 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 2.7 சென்டிமீட்டர், 50 மீட்டரில் அதில் பாதி. படங்கள் முன்பின்னாக 75 முதல் 80 விழுக்காடும், பக்கவாட்டில் 60 முதல் 70 விழுக்காடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால்தான் மென்பொருளால் பொதுப் புள்ளிகளைக் கண்டு இணைக்க முடியும். நீர்ப்பரப்பிலும் காற்றில் ஆடும் தோப்பிலும் அது திணறும்.

தூத்துக்குடி மாணவிக்குச் சொன்னதற்கு இது நேர்மாறு: அளவைக்கு நிழல் எதிரி, ஆகவே நடுப்பகலே ஏற்றது. தரையில் குறியிட்டுத் துல்லியமாக அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இல்லாத வரைபடம் பார்க்க அழகாக இருந்தாலும், அதைக் கொண்டு எல்லைக்கல் நட முடியாது. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய மத்திய அரசின் ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்பு மனைகளை ட்ரோனால் அளந்தபோதும், தரையில் வேலை செய்ய ஆட்கள் வேண்டியிருந்தது. தரையில் கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியின் வகுப்பைத் தவறவிடாதீர்கள்.

மகளிர் குழுவில் இருக்கிறேன். மருந்து தெளிக்கும் ட்ரோனை நானும் கற்க முடியுமா?
— திருவண்ணாமலை

தாராளமாகக் கற்கலாம் அம்மா. மத்திய அரசின் ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டம் 2023-24 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு, 15,000 மகளிர் குழுக்களுக்கென 1,261 கோடி ரூபாயில் வகுக்கப்பட்டது. ட்ரோன் தொகுப்பின் விலையில் எண்பது விழுக்காடு, எட்டு லட்சம் ரூபாய் வரம்புக்குள் உதவியாகவும், பதினைந்து நாள் பயிற்சியும் அதில் அடங்கும். ஐந்து நாள் ட்ரோன் இயக்கவும், பத்து நாள் உரம், மருந்து தெளிப்புக்குமானவை. இப்போதைய நிலையை உங்கள் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குழுவுக்குக் கிடைத்தால், குடும்பத்தில் பழுதுபார்ப்பில் நாட்டமுள்ள ஒருவருக்கும் உதவியாளர் பயிற்சி கேளுங்கள். விசிறியும் முனைக்குழாயும் வயலில்தான் பழுதாகும். காற்று எழும் முன் அதிகாலையில் தெளியுங்கள். காற்று வரும் பக்கத்தில், மருந்து மேலே படாத இடத்தில் நில்லுங்கள். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தொட்டியில் மருந்து கலக்காதீர்கள்.

பேட்டரி லேசாக உப்பியிருக்கிறது. இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. பயன்படுத்தலாமா?
— பயிற்சி மாணவர், திருநெல்வேலி

கூடாது. உப்பல் என்பது உள்ளே வாயு சேர்ந்ததன் அடையாளம். மேலே போனபின் மின்னழுத்தம் திடீரென விழலாம், சார்ஜ் செய்யும்போது தீப்பிடிக்கவும் கூடும். குத்தவோ அழுத்தவோ செய்யாமல், எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படையுங்கள். அடுத்த பேட்டரியை முழு சார்ஜில் வாரக்கணக்காக வைக்காதீர்கள். செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, பறக்கும் நாளன்று காலையில் நிரப்புங்கள். இறக்கியவுடன் சூட்டோடு சார்ஜில் போடாமல், தொட்டால் குளிர்ந்திருக்கும்வரை விடுங்கள்.