கண் நலம்: ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: ஏற்காடு காபித் தோட்டத்தில் வேலை செய்யும் என் தம்பிக்கு வயது 34. அந்தி சாய்ந்தால் படி தெரியாமல் தடுமாறுகிறான். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்கிறார்கள். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து இரு கண்களிலும் ஊசி போட, ஒரு கிளினிக்கில் இரண்டு லட்சம் கேட்கிறார்கள். ஒரு கண்ணில் சுண்ணாம்பு பட்ட உறவுக்காரப் பையனுக்கு ஸ்டெம் செல் சிகிச்சையால்தான் பார்வை திரும்பியது. தம்பிக்கும் செய்யலாமா?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: பணம் கட்டாதீர்கள்.

பையனுக்குப் பலன் கிடைத்ததில் வியப்பில்லை. சுண்ணாம்பு கெடுப்பது கண்ணின் முன்புறத்தை. கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் (புதிய செல்களை உருவாக்கவல்ல மூலச் செல்கள்) இருக்கின்றன. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் திசுவை எடுத்து, சிறு துணுக்குகளாக நறுக்கி, கெட்ட கண்ணில் பரப்பிய பனிக்குடச் சவ்வின்மேல் (கருவில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு) ஒட்டும் முறையை ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவன மருத்துவர்கள் 2012இல் வெளியிட்டார்கள்.

தம்பியின் நோயோ பின்புறமுள்ள விழித்திரையில். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் மரபணுக் கோளாறால் படிப்படியாக அழிகின்றன. அந்த இடத்துக்குப் புதிய செல் போனால் மட்டும் போதாது, அது அடுத்துள்ள நரம்பு செல்களோடு இணைந்து மூளைக்குச் செய்தி அனுப்பவும் வேண்டும். கொழுப்பு செல் இதைச் செய்ததாக நம்பத்தக்க சான்று எதுவுமில்லை.

2014இல் ஜப்பானின் கோபே நகரில் மசாயோ தகஹாஷியின் குழு, முதுமையால் வரும் மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவு நோய் கொண்ட ஒரு மூதாட்டியின் தோல் செல்களை ஆய்வகத்தில் ஸ்டெம் செல்களாக்கி, அவற்றிலிருந்து விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமிச் செல் படலத்தை வளர்த்து, ஒரு கண்ணில் மட்டும் பொருத்தியது. பார்வை குறையவில்லை, கூடவுமில்லை. இரண்டாவது நோயாளிக்காக வளர்த்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும் அறுவையையே நிறுத்திவிட்டார்கள். ஒரே மூச்சில் இரு கண்களுக்கும் விலை சொல்பவர்களிடம் இந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியுமா? அமெரிக்காவின் புளோரிடாவில் இதே கொழுப்பு ஊசியை இரு கண்களிலும் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பெருமளவு இழந்த செய்தி 2017இல் மருத்துவ இதழில் வெளியானது.

'இது ஆராய்ச்சி' என்று அவர்கள் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். அனுமதி பெற்ற ஆய்வில் நோயாளியிடம் சிகிச்சைக் கட்டணம் வாங்கக் கூடாது.

இந்நோயோடு வரும் கண்புரையையும் மாகுலா வீக்கத்தையும் இன்றே கவனிக்கலாம். மரபணுப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். ஆர்பிஇ65 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் அதற்கென ஒரு மரபணு சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் விசாரியுங்கள்.